‘வழு திருத்தப்பட்டது’ என்று சேர்வர் சொன்னால்…

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மார்ச் மாதத்தின் கடைசி வாரம். ஸ்காபரோவில் நான் நடத்தும் சிறிய கணக்கியல் அலுவலகத்துக்கு ஆண்டிலேயே நெருக்கடியான காலம் அதுதான். ஏப்ரல் 30க்குள் தனிநபர் வரிப் பத்திரங்கள் போய்ச் சேரவேண்டும். அன்று காலை அலுவலகத்தைத் திறந்தால், எந்த மேசைக் கணினியிலும் கோப்புகள் திறக்கவில்லை. பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். சேர்வர் நின்றுபோயிருந்தது. கறுப்புத் திரையில் ஏதோ இருபது வரிகள் வெள்ளை எழுத்தில் தெரிந்தன.

முதலாவதாக வந்து காத்திருந்தவர், ஊரில் இருக்கும் தாயாரைக் கனடாவுக்கு அழைக்க விண்ணப்பிப்பவர். அவருக்கு முந்தைய மூன்று வருட வரிப் பத்திரங்கள் தேவை. மூன்றும் அந்த சேர்வருக்குள் இருந்தன.

நிறுத்தித் திரும்பத் தொடக்கியபோது இயந்திரம் எழும்பிவிட்டது. கோப்புகளும் இருந்தன. அன்று மாலை தங்கையின் மகன் வந்து சேர்வரின் பதிவேட்டைத் திறந்தான். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இது ஜனவரியில இருந்தே சொல்லிக்கொண்டிருக்கு. நீங்கள் ஒருக்காலும் பார்க்கேல்லையா?”

பார்த்திருந்தேன். எச்சரிக்கை மின்னஞ்சலும் வந்திருந்தது. நினைவகத்தில் ஒரு வழு ஏற்பட்டது, அது திருத்தப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. ‘திருத்தப்பட்டது’ என்றபடியால் மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஜனவரியில் அப்படி 4 செய்திகள், பெப்ரவரியில் 31, மார்ச்சில் சில நூறு.

நான் வணிகமாணிப் பட்டம் பெற்றவன். கணினி எனக்குத் தொழில் அல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் பயிலுநராக இருந்தபோது என் மேலாளர் சொல்லித்தந்த முதல் பாடத்தை நானே மறந்திருந்தேன். பேரேட்டில் சிவப்பு மையால் திருத்திய இடத்தைக் கண்டால் அவர் கேட்பார்: “திருத்தினது சரி தம்பி. ஆர் எழுதினது, எந்தப் பக்கம், இது எத்தினையாவது தரம்?” சேர்வரின் பதிவேட்டுக்கும் கேட்கவேண்டிய கேள்விகள் அவைதான். எங்கள் சங்கங்கள், கோவில்கள், தமிழ்ப் பள்ளிகள், சிறு வியாபாரங்கள் பலவற்றின் மூலையில் பழைய சேர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால், நான் பிந்திக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கணக்கேட்டை வைத்து விளங்கிக்கொள்வோம்

ஒரு தேநீர்க் கடையின் செலவுக் கணக்கை எடுப்போம். நான்கு வாரங்களுக்கு நான்கு நிரைகள். பால், சீனி, மின்சாரம் என்று மூன்று நிரல்கள். ஒவ்வொரு நிரைக்கும் ஓரத்தில் ஒரு மொத்தம், ஒவ்வொரு நிரலுக்கும் அடியில் ஒரு மொத்தம். இப்போது யாரோ ஒருவர் இரண்டாவது வாரத்துப் பால் செலவான 350ஐ 390 என்று மாற்றிவிடுகிறார். கூட்டிப் பார்த்தால் இரண்டாவது நிரை எழுதிய மொத்தத்தை விட 40 கூடியிருக்கும். பால் நிரலும் 40 கூடியிருக்கும். இரண்டும் வெட்டும் இடம்தான் பிழை, பிழையின் அளவு 40. பற்றுச்சீட்டைத் தேடாமலே 350 என்று திருத்திவிடலாம்.

அதே நிரையில் இரண்டு இடம் மாறியிருந்தால் என்ன? பாலில் 40 கூடி, சீனியில் 40 குறைந்தால் நிரை மொத்தம் சரியாக வரும். இரண்டு நிரல்கள் பொருந்தாது. பிழை இருக்கிறது என்று தெரியும். எந்த வாரத்தில் என்று தெரியாது. திருத்த முடியாது, கணக்கை நிறுத்திவைக்க மட்டுமே முடியும்.

சேர்வர்களில் போடும் ஈசிசி வகை நினைவகம் இந்த உத்தியைத்தான் கையாள்கிறது. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு 64 பிட் தரவுக்கும் 8 பிட் சரிபார்ப்பு எண்ணும் சேர்த்து, 72 பிட்களாகச் சேமிக்கப்படும். வாசிக்கும்போது அந்த எட்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கப்படும். ஒரு பிட் மாறியிருந்தால் எது என்று கண்டு திருத்தலாம். இரண்டு மாறியிருந்தால் பிழை உண்டு என்று மட்டும் சொல்லலாம். மூன்று மாறினால், பரீட்சை மீதி பொருந்தியும் கணக்குப் பிழைத்திருக்கும் ‘ஈடுசெய் வழு’ மாதிரி, அது ஏமாற்றிவிடவும் கூடும். இந்த வித்தையின் அடித்தளத்தை 1950இல் பெல் ஆய்வுகூடத்தின் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்டார். வார இறுதியில் ஓடவிட்ட அவருடைய வேலையை, இயந்திரம் பிழையைக் கண்டதும் கைவிட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே என்று கண்டு திருத்தத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்த கண்டுபிடிப்பு அது.

இதனால் பதிவேட்டில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘சிஇ’ என்றால் திருத்தப்பட்ட வழு. ‘யூஇ’ என்றால் திருத்த முடியாத வழு. என் சேர்வர் அன்று காலை நின்றது இரண்டாவது வகையால். அது நின்றதும் நல்லதுக்குத்தான். பிழையான எண்ணை யாருடைய வரிப் பத்திரத்திலாவது எழுதிவைப்பதைவிட நின்றுவிடுவது மேல்.

பிட் ஏன் மாறுகிறது?

நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்னேற்றம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் உண்டாகும் துகள் ஒன்று பட்டாலும் அது புரளலாம். 1978இல் இன்டெல் ஆய்வாளர்கள், சில்லைப் பொதிந்திருந்த பொருளிலேயே இருந்த கதிரியக்கத்தின் அல்பா துகள்கள் பிட்களை மாற்றுவதைக் காட்டினார்கள். இவை தற்செயலானவை. திருத்தி எழுதிவிட்டால் அந்த இடம் மறுபடி சரியாக வேலை செய்யும். இன்னொரு வகை, இடமே பழுதாகிப்போவது. கலம் தேய்ந்திருக்கலாம், தகட்டின் தொடுகை அழுக்கேறியிருக்கலாம். அங்கே எத்தனை தரம் சரியாக எழுதினாலும் திரும்பத் திரும்பப் பிழையாகவே வாசிக்கும்.

ஒரு பிட் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்? 2003 மே 18ஆம் திகதி பெல்ஜியத்தில் தேர்தல். பிரசல்ஸ் நகரத்தை ஒட்டிய ஸ்காபேக்கில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. கிடைக்கச் சாத்தியமே இல்லாத எண்ணிக்கை என்பதால்தான் கண்டுபிடித்தார்கள். 4096 என்பது 2ஐப் பன்னிரண்டு தரம் பெருக்கி வருவது. அதாவது ஒரேயொரு பிட் 0இலிருந்து 1 ஆனால் கூடும் தொகை. பிட் ஒன்று தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்றே விளக்கம் தரப்பட்டது.

இதை வாசித்தபோது எனக்குப் பழைய உத்தியொன்று நினைவுக்கு வந்தது. பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசம் 9ஆல் மிச்சமின்றிப் பிரிந்தால், யாரோ 54ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று தேடுவோம். மனிதனின் பிழைக்கு 9 அடையாளம் என்றால், பிட்டின் பிழைக்கு 2இன் மடங்குப் பெருக்கங்கள் அடையாளம்: 1, 2, 4, 8 என்று போய் 4096 வரையும் அதற்கு மேலும்.

ரொறன்ரோவில் செய்த ஆய்வு

“எல்லா சேர்வரிலும் இது வரும், கவலைப்படாதையுங்கோ” என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. பாதிதான் சரி. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் நிறுவனத்தின் இரு ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கூகுளின் சேர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்தது. ஆண்டொன்றில் ஏறத்தாழ மூன்றிலொரு சேர்வர் குறைந்தது ஒரு திருத்தப்பட்ட வழுவையாவது கண்டது. ஆனால் றாம் தகடுகளைத் தனித்தனியாக எடுத்தால் 8 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். மிச்சம் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட தகடுகள் ஆண்டு முழுக்க ஒரு சத்தமும் போடவில்லை. ஒருதரம் வழு காட்டிய தகடு அதே மாதத்தில் மறுபடி காட்டும் வாய்ப்பு 13 முதல் 228 மடங்கு. திருத்த முடியாத வழு வரும் வாய்ப்பு 9 முதல் 400 மடங்கு கூடியது. தற்செயல் துகள்களைவிட, பழுதான இடங்களே பெரும்பங்கு வழுக்களுக்குக் காரணம் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

கணக்காளர் மொழியில் சொன்னால், பிழைகள் எல்லா எழுதுவினைஞர்களுக்கும் பொதுவாகப் பரவியிருக்கவில்லை. ஒரு சிலரின் மேசையில் குவிந்திருந்தன. அந்த மேசை எது என்று கண்டுபிடிப்பதுதான் பதிவேட்டை வாசிப்பதன் நோக்கம்.

பதிவேட்டை வாசிப்பது எப்படி?

லினக்ஸ் சேர்வரில் ‘ஈடாக்’ என்ற பகுதி இந்த வழுக்களைக் கண்காணிக்கிறது. கேர்னல் பதிவேட்டில் அந்தச் சொல்லைத் தேடினால் வரிகள் வரும். ‘ராஸ்டீமன்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டுவைத்தால் ஒவ்வொரு வழுவையும் ஒரு தரவுத்தளத்தில் பதிந்துவைக்கும். இது முக்கியம். ஈடாக்கின் எண்ணி சேர்வரைத் திரும்பத் தொடக்கியதும் பூச்சியத்துக்குப் போய்விடும். பழைய பதிவேடுகளும் இடம் நிரம்பினால் அழிக்கப்படும். விண்டோஸ் சேர்வரில் நிகழ்வுப் பதிவேட்டில் ‘வியா’ என்ற பெயரின் கீழ் இவை வரும். இவற்றுக்குப் புறம்பாக, சேர்வருக்குள் இருக்கும் மேற்பார்வைச் சில்லும் தனக்கென்று ஒரு நிகழ்வுப் பட்டியல் வைத்திருக்கும். மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிடுவது போல.

ஒவ்வொரு வரியிலும் நான்கு விடயங்களை எடுத்து ஒரு அட்டவணையில் எழுதுங்கள்: நேரம், எந்தத் தகடு, எந்த முகவரி, எத்தனை தரம். பிறகு அட்டவணையைப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம் என்றால் குறித்துவைத்துவிட்டு விட்டுவிடலாம். அநேகமாகத் தற்செயல்.

ஒரே தகடு, ஒரே முகவரி, திரும்பத் திரும்ப என்றால் அந்த இடம் பழுது.

ஒரே தகடு, பல முகவரிகள், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்றால் சில்லின் ஒரு பகுதியே பழுதாகிறது, அல்லது தகடு சரியாகப் பொருந்தவில்லை. காப்புப் பிரதியைச் சரிபார்த்துவிட்டு உடனே கவனிக்கவேண்டியது இது.

ஒரே வழித்தடத்தில் உள்ள பல தகடுகள் ஒன்றாகக் குறை சொன்னால், தகடுகளைக் குற்றம் சாட்டாமல் மதர்போர்டையும் செயலியையும் மின்வழங்கியையும் சந்தேகியுங்கள்.

நேரமும் சாட்சி சொல்லும், ஆனால் பொய்ச்சாட்சியும் சொல்லும். என் பெப்ரவரிப் பதிவேட்டில் கிட்டத்தட்ட தினமும் ஒரு வழு, எல்லாம் அதிகாலை 3.40 அளவில். காப்புப் பிரதி எடுப்பது 3 மணிக்கு என்பதால் அதுதான் காரணம் என்று நான் முடிவுகட்டினேன். மருமகன் கேட்டான்: “சனி, ஞாயிறில காப்புப் பிரதி ஓடுறேல்லை எல்லோ மாமா? அண்டைக்கும் 3.40க்கு வந்திருக்கு.” பல சேர்வர்களில் நினைவகம் முழுவதையும் ஒரு நாளைக்கு ஒருதரம் சுற்றி வாசித்து, பிழையான பிட்டைத் திருத்தி எழுதிவிட்டுப் போகும் ஒழுங்கு உண்டு. இரவுக் காவல்காரர் மாதிரி. அவர் 24 மணி நேரத்துக்கு ஒருக்கால் அந்த வாசலுக்கு வருகிறார். வரும்போதெல்லாம் அதே கதவு திறந்துகிடக்கிறது. முகவரியைப் பார்த்தால் எல்லாம் ஒன்றே. நேற்றுத் திருத்திய இடம் இன்று மறுபடி பிழைத்திருந்தது. மார்ச்சில் வேறு முகவரிகளும் சேர்ந்துகொண்டன, அலுவலக நேரத்திலும் வரத் தொடங்கின.

நான் செய்த இரண்டாவது பிழை

தகடு எது என்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பதிவேடு ‘வழித்தடம் 1, துளை 0’ என்றது. மதர்போர்டில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று அச்சடித்திருந்தது. வழித்தடம் 1 என்றால் முதலாவது, அதாவது ஏ என்று எடுத்து, ஏ1இல் இருந்த தகட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். இரண்டு நாளில் வழுக்கள் திரும்பி வந்தன.

கணக்காளர் 1இலிருந்து எண்ணுவார். இந்த இயந்திரம் 0இலிருந்து எண்ணியது. அதன் வழித்தடம் 0தான் ஏ, வழித்தடம் 1 என்பது பி. நல்ல தகட்டைக் கழற்றிவிட்டு நோயாளியை உள்ளே விட்டிருந்தேன். எல்லா இயந்திரங்களும் ஒரே மாதிரிப் பெயரிடுவதில்லை என்பதால், மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் எதையும் கழற்றவேண்டாம். லினக்ஸில் ‘டிஎம்ஐடிகோட்’ என்ற கட்டளை ஒவ்வொரு துளையின் பெயரையும் அதிலுள்ள தகட்டின் தொடர் இலக்கத்தையும் காட்டும். அந்த இலக்கத்தை ஒட்டுத்தாளில் எழுதித் தகட்டிலேயே ஒட்டிவிடுவது நல்லது.

இம்முறை மருமகன் புதிது எதையும் வாங்க விடவில்லை. சேர்வரை நிறுத்தி, மின்வயரைக் கழற்றி, நிலைமின் கடத்தும் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு, ஏ1இல் இருந்ததையும் பி1இல் இருந்ததையும் இடம் மாற்றினோம். திகதியை எழுதிவைத்துக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் பதிவேட்டில் வழு ஏ1இல் வந்தது. தகட்டோடு சேர்ந்து வழுவும் இடம் மாறியிருக்கிறது. ஆகவே குற்றவாளி தகடு. வழு பி1இலேயே நின்றிருந்தால் துளையையோ செயலியையோ பார்த்திருப்போம். சும்மா கழற்றிப் பூட்டியதிலேயே வழு நின்றுபோயிருந்தால் தொடுகைதான் காரணம் என்று எடுத்திருப்போம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

பழுதான தகட்டை எடுத்துவிட்டு, நான் அநியாயமாகக் கழற்றிய நல்ல தகட்டை அதன் இடத்தில் போட்டோம். அதன் பிறகு இன்றுவரை ஒரு வழுவும் இல்லை.

சில எச்சரிக்கைகள்

பதிவேட்டில் ஒன்றும் இல்லை என்றால் வழுவே இல்லை என்று அர்த்தம் அல்ல. ஈடாக் இயங்காமல் இருக்கலாம். சில சேர்வர்களில் பயோஸ் தானே திருத்திக்கொண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் மட்டும் வெளியே சொல்லும். ‘பதியும் எல்லை எட்டப்பட்டது’ என்ற வகைச் செய்தி மேற்பார்வைச் சில்லின் பட்டியலில் வந்தால், அதன் பிறகு வந்தவை எண்ணப்படாமல் இருக்கலாம் என்று கொள்ளுங்கள்.

சாதாரண மேசைக் கணினிகள், மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் ஈசிசி இல்லை. அங்கே வழு நடந்தாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. புதிய டிடிஆர்5 நினைவகங்களில் சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டு. ஆனால் அது சில்லிலிருந்து செயலிவரை உள்ள பாதையைக் காப்பதில்லை, நடந்ததை எங்களுக்குத் தெரிவிப்பதும் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து அதை சேர்வர் ஈசிசி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

திருத்தப்பட்ட வழுக்கள் மட்டும் வந்த காலத்துத் தரவு பொதுவாகச் சரியாகவே இருக்கும். ஆனாலும் நான் அந்த மூன்று மாதக் கணக்குகளின் பரீட்சை மீதிகளைப் பழைய அச்சுப் பிரதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு ஞாயிறு போயிற்று. எல்லாம் பொருந்தின.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று என் மனைவி கேட்டார். கனடாவில் வரி ஆவணங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம், அது ஒரு காரணம். மற்றக் காரணம் பழையது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, எங்கள் அலுவலகத்து அலுமாரிகளில் மற்றவர்களின் பேரேடுகள் இருந்தன. உறுதிகளும் வங்கிப் புத்தகங்களும்கூட எங்களை நம்பித் தந்திருந்தார்கள். எதையும் காவிக்கொண்டு வர முடியவில்லை. பிறகு அகதி விசாரணைகளில், ஒரு திகதியை நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் எங்கள் ஆட்கள் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். நானும் தடுமாறியிருக்கிறேன். அன்றைக்கு எங்களுக்கு ஒருவரும் முன்கூட்டி அறிவித்தல் தரவில்லை. இந்த இயந்திரம் பதினொரு கிழமை தந்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தயாரித்த கையோடு சேர்வரின் பதிவேட்டையும் திறக்கிறேன். ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, தகடு, எண்ணிக்கை என்று மூன்று நிரல்கள். பெரும்பாலும் பூச்சியம்தான் எழுதுவேன். ஐந்து நிமிட வேலை. உங்கள் சங்கத்தின் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையிடம் இந்த வாரம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்: திருத்தப்பட்ட வழு ஏதும் வந்திருக்கிறதா, எந்தத் தகட்டில், எத்தனை தரம் என்று.